நஸ்மியே கூப்பிட்ட பேர்

நஸ்மியேவுக்கு வாய் நீளம் என்று, பல்கேரிய மலையில் துருக்கியர்கள் வாழும் ஊரான சாரிகயாவில் எல்லோரும் சொல்வார்கள். நீளம் என்பதைவிட, எந்த இடத்தில் மூடிக்கொள்ள வேண்டும் என்பது அந்த வாய்க்குத் தெரியாது என்பதுதான் சரி. சிறுமியாக இருந்தபோதே அதனால் அடி வாங்கியவள் அவள்.

அவள் பிறந்த வீட்டின் பின்சுவரும் ஊர் கபுருஸ்தானின் சுவரும் ஒன்றுதான். ஊரில் யாராவது மவுத்தானால் பிள்ளைகள் அந்தச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். ஆண்கள் மய்யித்தைக் குழிக்குள் வைத்து, மண்ணைத் தள்ளி, கையைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போவார்கள். எல்லோரும் போன பிறகு இமாம் மட்டும் கபரின் தலைமாட்டில் குந்தியிருந்து, உள்ளே இருப்பவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். தகப்பன் பேரைச் சேர்த்து அல்ல, தாயின் பேரைச் சேர்த்து. இன்னாளின் மகனே, இப்போது உன்னிடம் இரண்டு மலக்குகள், வானவர்கள், வருவார்கள், பயப்படாதே, உன் ரப்பு யார், உன்னைப் படைத்தவன் யார் என்று கேட்டால் இப்படிச் சொல், உன் நபி யார் என்று கேட்டால் இப்படிச் சொல் என்று அரபியில் மெல்ல ஓதுவார். தல்கீன் என்று அதற்குப் பேர். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு வாசலில் நின்று கடைசியாக ஒருமுறை சொல்லிக்கொடுக்கிற மாதிரி இருக்கும்.

கடைசி ஆளின் காலடி ஓசை அடங்கும்வரை மலக்குகள் வர மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் அந்த ஓசையைத்தான் கேட்டுக்கொண்டிருப்பாராம். ஒவ்வொருவராகத் தன்னை விட்டுப் போவதை.

ஒருநாள் வீட்டில் புள்ளிக்கோழி செத்தது. நஸ்மியே அதைத் தோட்டத்தில் புதைத்து, தம்பிகளைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, மண்மேட்டின் தலைமாட்டில் குந்தினாள். "செவலைக்கோழி மகளே, புள்ளிக்கோழியே! ரெண்டு பேர் வருவாங்க, பயப்படாதே! ஆயுசை எதுல கழிச்சேன்னு கேட்டா, முட்டை போட்டதுலன்னு சொல்லு!" என்று உரக்கச் சொன்னாள். அவள் அப்பா சுவருக்குப் பின்னாலிருந்து வந்தார். அந்த அடிக்குப் பிறகும் அவளுக்கு ஒரு சந்தேகம் மட்டும் போகவே இல்லை. கோழியிடம் அவள் பேசியது கோழிக்குப் புரிந்திருக்கும். இமாம் அரபியில் சொன்னது, செத்துப்போன பக்கத்து வீட்டு ஆடு மேய்க்கும் கிழவருக்குப் புரிந்திருக்குமா?

அவளைக் கட்டிக்கொண்டவர் மெஸ்தான். கூட்டுப்பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். எலி தும்மினால்கூட எழுந்து வழிவிடுகிற ஆள். கூட்டத்தில் யாராவது கை தூக்கச் சொன்னால், எதற்கென்று கேட்பதற்கு முன்பே அவர் கை மேலே இருக்கும். "உங்க வீட்டுல மீசை ஒருத்தருக்கு, வாய் இன்னொருத்தருக்கு" என்று ஊர்ப் பெண்கள் நஸ்மியேவைக் கிண்டல் செய்வார்கள்.

அவ்வளவு வாயுள்ளவள் ஒரு பேரை மட்டும் சொன்னதில்லை. சாரிகயாவில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். கூப்பிட வேண்டுமென்றால் "யோவ்". மற்றவர்களிடம் சொல்வதானால் "நம்மாளு". புகையிலை கோர்க்கும் கொட்டகையில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து பத்து நம்மாளுகளைப் பற்றிப் பேசினாலும் யார் யாருடைய ஆள் என்பதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

அப்படியிருந்த ஊருக்குத்தான் அந்த ஜனவரியில் பனியோடு பனியாக ஜீப்புகளும் நாய்களும் வந்தன. போலீஸும் அரசாங்க ஆட்களும் ஊரை வளைத்துக்கொண்டார்கள். பல்கேரியாவில் துருக்கியர் என்று யாருமே கிடையாது, பழைய பல்கேரியப் பேரை மறந்துபோனவர்கள்தான் இருக்கிறார்கள் என்று சொல்லி, ஊராட்சி அலுவலகத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு புதுப் பேர். கையெழுத்துப் போட்டால் புது அடையாள அட்டை. இனிமேல் தெருவில் துருக்கியில் பேசினால் அபராதம்.

வரிசையில் முதலில் நின்றவர் மெஸ்தான். மெஸ்தானாகப் போனவர் மெத்தோதியாக வீட்டுக்கு வந்தார்.

நஸ்மியே போகவில்லை. புகையிலைச் சரங்கள் தொங்கிய பரணில் ஏறி ஏணியை மேலே இழுத்துக்கொண்டாள். அவர்கள் வந்து கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, அவளுக்கும் தாங்களே ஒரு பேரை எழுதிக்கொண்டு போனார்கள். நாத்யா. அந்தப் பேருக்கான அட்டையை அவள் கடைசிவரை வாங்கவில்லை. அட்டை இல்லாததால் பேருந்தில் ஏற்ற மாட்டார்கள், மருந்தகத்தில் மருந்து தர மாட்டார்கள். சந்தைக்கு மலைப்பாதையில் நடந்தே போனாள்.

புருஷன் மேல் அவளுக்கு வந்த கோபம் அந்தப் பனிக்காலம் முழுக்க அணையவில்லை. சோளக்களியைக் கிண்டி அவர் முன்னால் வைக்கும்போது சொல்வாள்: "மெத்தோதி, களி ஆறுது."

அது அவருடைய பேர் இல்லை என்பதால் அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இருக்கவில்லை. "மெத்தோதி, கதவைச் சாத்து. மெத்தோதி, விறகு ஈரமா இருக்கு." மெஸ்தான் களியைத் தின்றார், கதவைச் சாத்தினார், காய்ந்த விறகைத் தேடிக்கொண்டு வந்தார்.

அடுத்த பனிக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவர் படுத்தார். மூச்சு, உடைந்த துருத்தி போல வந்துபோனது. ஒரு மத்தியான வேளையில், ஜன்னல் ஓரம் வெயில் விழுந்த பாயில் கிடந்தபடி கூப்பிட்டார்.

"நஸ்மியே."

"என்னய்யா, தண்ணியா?"

"அங்க என்னை எந்தப் பேரால கூப்பிடுவாங்க?"

"எங்க?"

"அங்கதான். கீழ."

நஸ்மியே ஊசியையும் புகையிலையையும் கீழே வைத்தாள். "மலக்குங்க பேரைக் கேக்குறதில்லய்யா. உன் ரப்பு யாருன்னுதான் கேப்பாங்க. அது உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். ஆனா கேக்குறதுக்கு முன்னால என்னை எழுப்பணும்ல? இமாம் வாயத் திறக்க மாட்டார். ஊராட்சிக்காரன் வந்து மெத்தோதின்னு பேசிட்டுப் போவான். எவனையோ கூப்பிடுறாங்கன்னு நான் பாட்டுக்குப் படுத்திருப்பேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டவன் நான்தான்" என்றார். "ஆனா இந்த வீட்டுல அந்தப் பேரால கூப்பிட்டது நீதான். வேற யாரும் இல்ல."

துருத்தி கொஞ்ச நேரம் இரைந்தது. நஸ்மியேவின் வாய், இந்த ஒருமுறை, மூடிக்கிடந்தது.

"நான் கூப்பிடுறேன்" என்றாள் கடைசியில். "எல்லாரும் போன பெறகு நான் வந்து கூப்பிடுறேன். உன் பேரைச் சொல்லி, உன் அம்மா பேரைச் சொல்லி."

"நீ பொம்பளடி."

"இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் கண்டுபிடிச்சியா?"

அவர் உதட்டில் ஒரு ஓரம் மட்டும் அசைந்தது. "உன் வாயில என் பேர் வருமா?"

"வரும்."

"எங்க, இப்பச் சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள். கழுத்திலிருந்து காதுவரை சூடேறியது. மணப்பெண்ணாக இந்த வாசலில் வந்து நின்ற அன்றுகூட இப்படி வெட்கப்பட்டதில்லை. "அப்பச் சொல்றேன்யா" என்றாள்.

"பாத்தியா" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அதைக் கேட்காமலேதான் போனார். மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்தபோது துருத்தி நின்றுவிட்டிருந்தது.

இமாம் தாவூத் அப்போது கூட்டுப்பண்ணையின் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தார். பள்ளிவாசலைப் பூட்டிய பிறகு அவருக்குக் கொடுத்த வேலை அது. அதற்கு முன்பு சில மாதங்கள் எங்கேயோ கொண்டுபோய் வைத்திருந்தார்கள். திரும்பி வந்ததிலிருந்து யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவார். அதனால் நஸ்மியே சுற்றிக்கொண்டு வந்து அவர் முன்னால் நின்றாள்.

"ஹஜ்ரத், நம்மாளு மவுத்தாயிட்டார்."

அவர் தலையைக் குனிந்து, செத்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தையை உதட்டுக்குள் சொன்னார். பிறகு அவளைப் பார்க்காமலேயே, "என்னைக் கூப்பிடாதம்மா" என்றார்.

"கூப்பிட வரல. நான் தல்கீன் சொல்லப் போறேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

"பொம்பள தல்கீன் சொல்றது நம்ம வழக்கத்துல இல்ல."

"இமாம் சாணி அள்றது இருக்கா?"

ஒரு மாடு திரும்பிப் பார்த்தது. தாவூத் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "உனக்கு அரபி தெரியாதேம்மா."

"அவருக்கும் தெரியாது."

"மவுத்தான பெறகு எல்லாம் வெளங்கும்."

"அப்ப துருக்கியும் வெளங்கும்."

அவர் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "நஸ்மியே, நான் தடுத்தேன்னும் இருக்க வேணாம், அனுப்பினேன்னும் இருக்க வேணாம்" என்றார். அவள் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து, "அவர் உம்மா பேரு ஹனிஃபே. மறந்துராத" என்று குரல் வந்தது. ஹனிஃபே செத்து எத்தனையோ வருஷமாகியும், ஊராட்சியில் அவளுக்கும் ஹ்ரிஸ்தினா என்று பேர் மாற்றியிருந்தார்கள். கபுருஸ்தானில் அவள் கல்லின் மேல் பேர் தெரியாதபடி சிமெண்ட் பூசியிருந்தார்கள். அங்கே எல்லாக் கல்லின் மேலும் பூசியிருந்தார்கள்.

மய்யித்தைக் குளிப்பாட்ட ஆண்கள் யாரும் வரவில்லை. வந்தால் வேலை போகும். புருஷனைப் பெண்டாட்டி குளிப்பாட்டலாம் என்பதால், நஸ்மியே கதவைச் சாத்திக்கொண்டு தானே குளிப்பாட்டினாள். மெஸ்தானின் தங்கை ஷெஃபிகா திரைக்கு வெளியே நின்று வெந்நீர் கொடுத்தாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கை. இருமுவதற்குக்கூட அனுமதி கேட்பவள் போல இருப்பாள்.

கஃபன் அணிவிக்கக் கூடாது, கோட்டும் கால்சட்டையும் போட்டுப் பெட்டியில்தான் அடக்க வேண்டும் என்று ஊராட்சி உத்தரவு. நஸ்மியே முறைப்படி வெள்ளைத் துணியைச் சுற்றி, அதற்கு மேலே கோட்டைத் தைத்துவிட்டாள்.

உள்ளே வந்த ஷெஃபிகா பதறினாள். "மதினி, அண்ணன் கொஞ்சம் தடியாத் தெரியுறாரே. கண்டுபிடிச்சிட்டா?"

"செத்த பெறகு கவலையில்லாமச் சாப்பிட்டு ஒடம்பு வச்சிட்டார்னு சொல்லு."

"மதினி!"

"அழுறியா சிரிக்கிறியா, ஏதாவது ஒண்ணு பண்ணு. ரெண்டையும் சேத்துப் பண்ணா பாக்குறவங்களுக்குச் சந்தேகம் வரும்."

வீட்டில் எண்ணெய்ச் சட்டியை ஏற்றி லோக்மா பொரித்தார்கள். மாவு உருண்டை எண்ணெயில் வெடிக்கிற வாசம் போய்ச் சேர்ந்தவரை எட்டும் என்பது ஊர் நம்பிக்கை. எட்டுகிறதோ இல்லையோ, தெருமுனையில் நின்ற போலீஸ்காரன் இலியாவை எட்டியது. அவன் மூக்கைத் தூக்கினான்.

அடக்கம் மத்தியானத்துக்கு மேல். ஊராட்சியிலிருந்து வந்த பெண்மணி தடித்த காலுறையும் கையில் காகிதமுமாக நின்று படித்தாள். "அன்புத் தோழர் மெத்தோதி நம்மை விட்டுப் பிரிந்தார். உழைப்பாளியான மெத்தோதி..."

மதிலுக்கு வெளியே பெண்களோடு நின்ற நஸ்மியே உரக்கக் கேட்டாள். "யாரும்மா அது மெத்தோதி? பாவம், அவங்க வீட்டுக்குச் சொல்லி அனுப்புனீங்களா?"

ஆண்களின் வரிசையில் ஒரே இருமலாகக் கிளம்பியது. சிரிப்பை இருமலாக்கும் கலை அந்த ஒரு வருஷத்தில் சாரிகயாவில் நன்றாக வளர்ந்திருந்தது. பெண்மணி காகிதத்தை அவசரமாக முடித்தாள். பெட்டி இறங்கியது. மண் விழுந்தது. யாரும் கையேந்தவில்லை. ஆனால் உதடுகள் அசைந்தன. குளிரில் எல்லோர் உதடும் அசையும்தானே.

பிறகு எல்லோரும் திரும்பினார்கள். பனி நொறுங்கும் சத்தம் வாசல்வரை வந்து, பாதையில் இறங்கி, குறைந்துகொண்டே போனது. இலியா மட்டும் கபரின் பக்கத்திலேயே நின்றான். யாரும் வந்து எதையும் ஓதிவிடக் கூடாது, இருட்டும்வரை நில் என்று அவனுக்கு உத்தரவு.

நஸ்மியே துணியால் பொத்தி வைத்திருந்த லோக்மாத் தட்டை எடுத்துக்கொண்டு கபுருஸ்தானின் வாசலைத் தாண்டினாள். அடக்க நாளில் ஒரு பெண் அதைத் தாண்டி ஊர் பார்த்ததில்லை. பாதையில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, "நஸ்மியே, இது சரியில்ல. திரும்பு" என்றார்.

"நீங்க நிக்காமப் போங்கண்ணே. நீங்க போனாத்தான் இங்க வேலை ஆரம்பிக்கும்."

ஷெஃபிகா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.

"நாத்யா அக்கா!" என்றான் இலியா. அடுத்த ஊர்க்காரன். சின்ன வயதில் மெஸ்தானின் டிராக்டரில் தொற்றிக்கொண்டு திரிந்தவன். பல்கேரியன் என்றாலும் துருக்கியப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்ததில் துருக்கியும் சரளமாக வரும்.

நஸ்மியே திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். "யாரைக் கூப்பிடுற? கூட யாராச்சும் வந்திருக்காங்களா?"

"உன்னைத்தான் கூப்பிடுறேன். வெளிய போ. எனக்கு உத்தரவு இருக்கு."

"இருக்கட்டும். எப்பக் கெளம்புவ?"

"இருட்டினதும்."

"ரொம்ப நல்லது. நில்லு. விடிய விடிய நின்னாலும் சரி."

அவனுக்கு அது பிடிக்கவில்லை. "ஏன்?"

"கடைசி ஆளோட காலடிச் சத்தம் அடங்கினாத்தான் மலக்குங்க ரெண்டு பேரும் வருவாங்க, கேள்வி கேக்க. நீ நிக்கிறவரைக்கும் வர மாட்டாங்க. நம்மாளு கொஞ்சம் பயந்த மனுசன், ஒனக்குத்தான் தெரியுமே. அவருக்கு மூச்சு விட்டுக்க நேரம் கெடைக்கட்டும்னு அரசாங்கமே ஒரு ஆளைப் பூட்ஸ் போட்டு நிறுத்தியிருக்கு. எவ்வளவு பெரிய உபகாரம்!"

குளிருக்காக மாறி மாறித் தரையில் மிதித்துக்கொண்டிருந்த இலியாவின் கால்கள் சட்டென்று நின்றன.

"நிறுத்தாத" என்றாள் நஸ்மியே. "அவர் கேட்டுக்கிட்டிருக்கார்."

"இந்தக் கதையெல்லாம் எனக்கு வேணாம்" என்றான். ஆனால் காலை எடுத்து வைக்கவும் இல்லை, ஊன்றி நிற்கவும் இல்லை. தணலை மிதித்தவன் போல ஒரு குதிகாலை லேசாகத் தூக்கியபடி நின்றான்.

நஸ்மியே தட்டை நீட்டினாள். ஆவி பறந்தது. அவன் கை தானாக முன்னால் வந்தது.

"யார் பேருல தின்னப் போற?" என்றாள்.

கை அந்தரத்தில் நின்றது.

"இது போனவர் பேருல குடுக்குறது. அவர் பேரைச் சொல்லி, நல்லாயிருக்கட்டும்னு சொல்லிட்டுத் தின்னணும். ஒனக்கு டிராக்டர் ஓட்டக் கத்துக்குடுத்தவர். பேர் என்ன?"

அவன் கையை இழுத்துப் பையில் விட்டுக்கொண்டான். "அக்கா, வெளிய போ. என்னைப் புகார் எழுத வைக்காத."

அவள் தட்டைப் பனியில் வைத்துவிட்டு மண்மேட்டின் தலைமாட்டில் குந்தினாள். கோழிக்குக் குந்திய அதே மாதிரி. கையை மண்ணில் வைத்தாள். வாயைத் திறந்தாள்.

"யோவ்" என்றாள்.

அதற்கு மேல் வரவில்லை. இத்தனை வருஷமாக நாக்குக்குக் கீழேயே மடித்து வைத்திருந்த பேர் அது. போலீஸுக்குப் பயமில்லை, இமாமுக்குப் பயமில்லை, ஊருக்குப் பயமில்லை. தன் நாக்கு இப்படித் தன்னையே காட்டிக்கொடுக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மறுபடி, "யோவ். நம்மாளே." அந்தக் கபுருஸ்தானில் படுத்திருக்கும் எல்லா ஆண்களும் யாருக்காவது நம்மாளுதான். யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவள் தடுமாறுவதை இலியா பார்த்தான். தைரியம் வந்தது. "அவ்வளவுதானே? முடிஞ்சுதுல்ல? கெளம்பு. நாத்யா அக்கா, எந்திரி."

நாத்யா என்று அவன் சொன்னதும் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நின்றது. களி ஆறுது மெத்தோதி, விறகு ஈரமா இருக்கு மெத்தோதி. அந்தப் பேர் இந்த வாயில் எத்தனை சுலபமாக வந்தது!

"மெஸ்தான்!"

மரத்திலிருந்து பனி உதிர்ந்தது. குரல் மலையில் மோதித் திரும்பி வந்தது.

"மெஸ்தான்! ஹனிஃபே மகன் மெஸ்தான்! எந்திரி! நான்தான் நஸ்மியே. இப்ப ரெண்டு பேர் வருவாங்க. பாக்கப் பயங்கரமா இருப்பாங்களாம். இருந்துட்டுப் போறாங்க. அவங்க ஊராட்சி ஆளுங்க இல்ல, கையெழுத்துக் கேக்க மாட்டாங்க. ரப்பு யாருன்னு கேட்டா அல்லாஹ்ன்னு சொல்லு. நபி யாருன்னு கேட்டா முஹம்மதுன்னு சொல்லு. தீன் எதுன்னு கேட்டா இஸ்லாம்னு சொல்லு. தலையக் குனியாத, மொகத்தப் பாத்துச் சொல்லு. கையெழுத்துப் போட்டியேன்னு கேட்டா, ஆமா, கை போட்டுச்சு, நான் போடலன்னு சொல்லு. நம்பலைன்னா எம்பொண்டாட்டியக் கூப்பிடுங்கன்னு சொல்லு. நான் வந்து பேசிக்கிறேன்!"

"போதும்!" இலியா அவள் தோளைப் பிடித்தான். "துருக்கியில கத்துற. தடைபண்ண பேரைச் சொல்ற. நான் எழுதியே ஆகணும்."

"எழுது. எந்தப் பேருல எழுதுவ? நஸ்மியேன்னு ஒருத்தி உங்க கணக்குல இல்ல. நாத்யான்னு ஒருத்தி இங்க வரவே இல்ல."

அவன் தூக்கியபோது அவள் எழுந்தாள். எழுமுன் மண்ணில் காதை ஒருகணம் வைத்தாள். உள்ளே ஏதாவது கேட்டதா? எதுவும் கேட்கவில்லை. அவள் தொழுகை தவறாதவள் இல்லை. பல நாள் தொழவே மாட்டாள். மலக்குகள் இருக்கிறார்களா, சரியாகப் பதில் சொன்னவருக்கு மண்ணுக்கடியில் சொர்க்கத்தை நோக்கி ஒரு ஜன்னல் திறக்குமா என்று அடித்துக் கேட்டால், அவளுக்கு அதற்குப் பதில் தெரியாது. அவள் சொன்னபடி வந்து கூப்பிட்டாள். அது தெரியும். எழுந்துகொண்டாரா என்பது அவர் பாடு.

அவளைக் கொண்டுபோன ஊராட்சி அலுவலகத்தில் நகரத்திலிருந்து வந்த அதிகாரி ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"அங்க என்ன கத்தினா இவ?" என்று இலியாவைக் கேட்டார்.

இலியா கூரையைப் பார்த்தான். அதைத் தன் வாயால் சொன்னால் தானும் அந்தப் பேரைச் சொன்னவனாகிவிடுவான். "காத்து பலமா இருந்தது, சரியாக் கேக்கல" என்றான்.

"நீ சொல்லு. அங்க என்ன சொன்ன?" என்று அதிகாரி நஸ்மியே பக்கம் திரும்பினார்.

"சொல்லணுமா?"

"சொல்லு!"

"பெறகு என்னைக் குத்தம் சொல்லக் கூடாது, நீங்கதான் கேட்டீங்க" என்று நஸ்மியே முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்றாள். முதல் முறைதான் கஷ்டம். இப்போது அந்தப் பேர் நாக்கில் வழுக்கிக்கொண்டு வந்தது. கபுருஸ்தானில் கூப்பிட்டதைவிட உரக்கக் கூப்பிட்டாள். மெஸ்தானையும் ஹனிஃபேயையும் அந்த மேஜைக்கு மேலேயே கூப்பிட்டாள். பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது. ஜன்னலுக்கு வெளியே ரொட்டிக் கடை வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மலக்குகள் ஊராட்சி ஆட்கள் இல்லை என்ற இடத்துக்கு வந்தபோது அதிகாரி மேஜையில் அடித்தார்.

அவளை வடக்கே, தூனா ஆற்றுப் பக்கம் ஒரு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பீட்ரூட் வயலில் வேலை. அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது. நாத்யா என்று கூப்பிட்டால் திரும்பவே மாட்டாள். செவிடு என்று முடிவுகட்டி, கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அதற்குத் திரும்பினாள்.

மறு வருஷம் புகையிலை நடும் காலத்தில் சாரிகயாவுக்குத் திரும்பினாள். வந்த அன்றே கிணற்றடியில் ஒருத்தி கிட்டே வந்து, குடத்தை நிரப்புகிற சாக்கில், "அக்கா, எனக்கு முடியாமப் போனா நீ வந்து கூப்பிடுவியா? எங்கம்மா பேரு ஜெய்நெப்" என்றாள். மறுநாள் இன்னொருத்தி. பிறகு ஒரு கிழவர், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து. "எழவு வீட்டுக்கு இப்பவே ஆள் சொல்லி வைக்கிறீங்களே!" என்று திட்டிக்கொண்டே தாய்மார் பேர்களை மனதில் வாங்கிக்கொண்டாள். அந்த வருஷம் இரண்டு பேருக்குக் கூப்பிட்டாள். இரண்டு முறையும் அபராதம் வந்தது. இமாம் தாவூத் மாட்டுக்கொட்டகை வாசலில் நின்று, காற்று அவள் குரலைத் தன் பக்கமாகக் கொண்டுவருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று சொல்வார்கள்.

ஷெஃபிகாதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். இருவரும் மேட்டுக்கொல்லையில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே பாதையில் ஊராட்சி ஜீப் ஒன்று நின்றிருந்தது.

"மதினி, ஊருக்கெல்லாம் நீ கூப்பிடுவ. உன்னை யார் கூப்பிடுவா?"

"நீதான்."

ஷெஃபிகாவின் கையிலிருந்த நாற்று கீழே விழுந்தது. "நானா? எனக்கு எங்க அந்தக் கொரல்? அன்னைக்கு வாசல்ல நின்னேனே, மறந்துட்டியா? ஒரு கால்தான் உள்ள வந்துச்சு."

"ஒரு கால் வந்துச்சுல்ல? இன்னொன்னும் வரும்." நஸ்மியே கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, உழுத சாலில் மல்லாக்கப் படுத்தாள். கண்ணை மூடி, கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டாள். "நான் செத்துட்டேன். கூப்பிடு."

"மதினி, எந்திரி. கீழ ஜீப் நிக்குது."

"நிக்கட்டும். கூப்பிடு."

ஷெஃபிகா கீழே பார்த்தாள், மேலே பார்த்தாள். "நஸ்மியே" என்றாள், மூக்குக்குள்.

"கேக்கல."

"நஸ்மியே. குல்சூம் மகளே."

"பக்கத்துல இருக்க எனக்கே கேக்கல. ரெண்டு மொழம் மண்ணு, பெட்டிப் பலகை, அதுக்கு மேல கோட்டு வேற. கூப்பிடுடி!"

"செத்தவ பேசக் கூடாது மதினி!"

"அப்பச் சாகவிடு என்னை. ஒழுங்காக் கூப்பிடு!"

ஷெஃபிகா முக்காட்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினாள். இரண்டு காலையும் சாலின் இரண்டு பக்கமும் ஊன்றி நின்றாள். அண்ணனைப் போலவே எப்போதும் கூனியிருக்கும் அந்த முதுகு நிமிர்ந்தது. கீழே ஜீப்பின் பக்கத்தில் ஒரு தொப்பி மேல்நோக்கித் திரும்பியதைப் பார்த்துக்கொண்டேதான் வாயைத் திறந்தாள்.

"நஸ்மியே! குல்சூம் மகள் நஸ்மியே! எந்திரி!"

மேட்டுக்கொல்லை முழுக்க நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். மலை அந்தப் பேரை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தது.

சாலில் கிடந்த நஸ்மியே ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இது கேட்டுச்சு" என்றாள். "இன்னொரு தடவை."